மெழுகும் சாயமும் வாங்கித் தந்த நிலம்
ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்க்கை

பிறந்தது கோயம்புத்தூரில். படித்தது பொன்னானியில். உத்தியோகம் பார்த்ததும், பெயர் வாங்கியதும், கண் மூடியதும் சென்னையில். கேரளத்தில் அவரை மலையாளத்து ஓவியர் என்று கொண்டாடுகிறார்கள். தமிழ்நாட்டிலோ அவர் சென்னை ஓவியர்களின் தலைவர். பிறந்த மண் ஒன்று, பிழைக்கும் மண் ஒன்று என்று வாழும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. நம்மவர்கள் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தோம். அவர் அந்தப் பக்கம் போனார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோவலேழி சீரம்பத்தூர் சங்கரப் பணிக்கர் என்ற முழுப் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. கே.சி.எஸ். பணிக்கர் என்றால்தான் தெரியும். நாட்டில் முதல் வரிசை ஓவியர் என்பது அவருடைய ஒரு பெருமை. மற்றொரு பெருமை அதைவிடச் சற்று வித்தியாசமானது. படம் வரைந்து வயிறு வளர்க்க முடியாமல் தவித்த இளைஞர்களுக்குத் துணியும் மெழுகும் சாயமும் கொண்டு ஒரு பிழைப்பு வழி காட்டினார். அந்த வருமானத்தில் கடலோரத்தில் நிலம் வாங்கி, அவர்களுக்கு ஓர் ஊரையே உண்டாக்கினார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடப்பவர்களுக்கு நாரும் நூலும் புதிய பொருள்கள் அல்ல. மிளகும் சுக்கும் ஏலமும் வருவது சாக்கில். சாக்கைக் கட்டுவது கயிற்றில். ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதிச் சலவைத்துறைக்குப் போனால், டச்சுக்காரர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் துணி வெளுத்துக் கொடியில் உலர்த்துவதைக் காணலாம். இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கின் இடுக்கிலேயே துணியின் முனையைச் செருகி விடுவார்கள். கிளிப்பு கிடையாது. இதையெல்லாம் நாம் வேலை என்கிறோம். கலை என்று சொல்வதில்லை.

2012-ம் ஆண்டு முதல் கொச்சி பியன்னாலே என்ற கலைத் திருவிழா மட்டாஞ்சேரியின் பழைய கிட்டங்கிகளில் நடந்து வருகிறது. 2025-ல் தொடங்கிய விழாவில், கானா நாட்டுக் கலைஞர் இப்ராஹிம் மகாமா, அடித்துப் பழசான சாக்குகளைத் தைத்துச் சேர்த்துச் சுவரெல்லாம் போர்த்தி, பழைய நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒரு சபை மண்டபம் அமைத்திருந்தார். சாக்கு கலையாகுமா என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். இதே கேள்வியை, வேறு விதமாக, சென்னையில் 60 ஆண்டுகளுக்கு முன்பே பணிக்கர் எதிர்கொண்டார்.

தந்தி இலாகாவில்

1911-ம் ஆண்டு மே மாதம் பணிக்கர் பிறந்தார். பள்ளிப் படிப்பு பொன்னானி ஏ.வி. உயர்நிலைப் பள்ளியில். அப்போது பொன்னானி மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மலபார் ஜில்லா சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. கொச்சிக்காரருக்குத் தனி மகாராஜா இருந்தார். பொன்னானிக்காரருக்கோ தலைநகரம் சென்னைதான். ஆகவே படித்த மலபார்ப் பிள்ளை ரயிலேறிச் சென்னைக்குப் போவது அந்த நாளில் சாதாரண விஷயம்.

பொன்னானி வட்டாரத்துப் பசுமை அவர் கண்ணில் பதிந்துவிட்டது. பன்னிரண்டு வயதிலேயே வயலும் தோப்பும் வாய்க்காலுமாக வரையத் தொடங்கிவிட்டார். பதினேழு வயதில் அவருடைய படங்கள் சென்னை நுண்கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இடம் பெற்றன. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை உடனே சித்திரப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வீட்டு நிலைமை அப்படி. தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். ஆயுள் இன்ஷூரன்ஸ் வேலையும் பார்த்தார்.

தந்தி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 2013-ம் ஆண்டு ஜூலையோடு அந்த சேவையே நின்றுவிட்டது. கட்டுக் கடகட என்று விசையைத் தட்டி, புள்ளியும் கோடுமாக ஊருக்கு ஊர் சேதி அனுப்பும் வேலை. இலாகா உத்தியோகம் என்றால் சம்பளம் நிச்சயம், மரியாதை நிச்சயம். அதை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்று ஒரு பையன் சொன்னால், வீட்டில் என்ன நடக்கும் என்பதை குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பணிக்கர் விட்டார். 1936-ல், இருபத்தைந்தாம் வயதில், சென்னை அரசினர் சித்திரக் கைத்தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மற்றவர்கள் படிப்பு முடித்து வேலை தேடும் வயதில், இவர் வேலையை விட்டுப் படிப்பு தேடினார்.

ராய் சௌதரியின் மாணவர்

அந்தப் பள்ளிக்குத் தனி வரலாறு உண்டு. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. கைத்தொழில்களை வளர்ப்பதுதான் அதன் பழைய நோக்கம். மட்பாண்டம், உலோகம், மரவேலை, நெசவு இவையெல்லாம் அங்கே பாடம். பின்னால் வந்த நாட்களில் ஓவியமும் சிற்பமும் தலை தூக்கின. கைத்தொழில் வகுப்புகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. பணிக்கர் சேர்ந்தபோது பிரின்சிபால் தேவி பிரசாத் ராய் சௌதரி. சென்னை மெரினா கடற்கரையில் பாறையைப் புரட்டும் நான்கு பேரை உழைப்பாளர் சிலையாக வடித்தவர் இவர்தான். சென்னைக்குப் போன தமிழர் எவரும் அந்தச் சிலையைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள்.

1940-ல் பணிக்கர் படிப்பை முடித்தார். அடுத்த ஆண்டே அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கம் என்ற அமைப்பைச் சென்னையில் உண்டாக்கினார். பம்பாயில் ஹுசேன், சூஸா, ரஸா முதலியோர் சேர்ந்த முற்போக்குக் கலைஞர் குழு 1947-ல்தான் பிறந்தது. பத்திரிகைகள் பம்பாய்க் குழுவைப் பற்றி எழுதிய அளவுக்குச் சென்னைச் சங்கத்தைப் பற்றி எழுதவில்லை. மூன்று ஆண்டு முந்தியும் இந்தக் கதி!

1954-ல் அவருக்கு ஐரோப்பா செல்ல வாய்ப்புக் கிடைத்தது. லண்டனிலும் பிரான்சின் லில் நகரத்திலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அது வரை வான்கோவும் கோகனும் அவரை மிகவும் கவர்ந்திருந்தார்கள். அங்கே போய் மேனாட்டுப் படங்களை நேரில் பார்த்த பிறகு வேறு ஒரு கவலை பிடித்துக் கொண்டது. மேனாட்டார் வரைவதை நாமும் வரைந்தால் நாம் எதற்கு? நம் ஓவியம் நம்முடையதாக இருக்க வழி என்ன? இந்தக் கேள்வி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவரை விடவில்லை. தோட்டம் என்ற வரிசையில் படங்கள் வரைந்து பார்த்தார். நல்ல படங்கள்தான். ஆனாலும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

1957-ல் ராய் சௌதரி ஓய்வு பெற, பணிக்கர் பிரின்சிபால் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உண்மையான சங்கடம் தொடங்கியது.

பட்டம் உண்டு, பிழைப்பு இல்லை

ஆண்டுதோறும் பள்ளியிலிருந்து இளைஞர்கள் வெளியே வந்தார்கள். கையில் பட்டம், அதற்கப்புறம் என்ன? அன்றைய சென்னையில் புது ஓவியத்தைப் பணம் கொடுத்து வாங்குவோர் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். வீட்டுக் கூடத்தில் ரவிவர்மா படத்தின் அச்சும் காலண்டரும் தொங்கின. அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை. நாலு பேரில் ஒருவருக்குப் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலை கிடைக்கும். இன்னொருவர் விளம்பரக் கம்பெனிக்கோ சினிமா பானர் வரையும் இடத்துக்கோ போவார். கைத்தறித் துறையின் நெசவாளர் சேவை நிலையங்கள் ஐம்பதுகளின் பிற்பாதியில் தொடங்கியபோது, சேலைக் கரையும் போர்வைக் கோலமும் வடிவமைக்க ஓவியர்களை எடுத்தார்கள். அது சிலருக்கு உதவிற்று. மற்றவர்கள் தூரிகையைப் பரணில் போட்டுவிட்டு ஏதோ ஓர் ஆபீசில் நுழைந்தார்கள்.

பணிக்கருக்கு இது பொறுக்கவில்லை. தந்தி ஆபீசிலிருந்து தூரிகைக்கு வந்த மனிதர் அவர். தன் மாணவர்கள் தூரிகையிலிருந்து ஆபீசுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

சர்க்காரிடம் மானியம் கேட்கலாம். பெரிய மனிதர்களின் தயவை நாடலாம். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது அதுதான். பணிக்கர் வேறு வழியில் யோசித்தார். பள்ளியிலேயே பின்னுக்குப் போயிருந்த கைத்தொழில் பக்கம் அவர் பார்வை திரும்பியது. ஓவியம் விற்காது, சரி. ஆனால் அழகான திரைச்சீலை விற்கும். சுவரில் தொங்கவிடும் துணி விற்கும். உலோகத் தகட்டில் அடித்த உருவம் விற்கும். மட்பாண்டம் விற்கும். ஓவியர் நாளில் சில மணி நேரம் கைத்தொழில் செய்யட்டும். சோற்றுக்கு வழி ஆனதும் மீதி நேரம் யாருக்கும் தலை வணங்காமல் தம் இஷ்டப்படி படம் வரையட்டும். இதுதான் திட்டம். கேட்பதற்கு எளிது.

கையில் எடுத்த முக்கியமான தொழில் பாத்திக்.

மெழுகுச் சாயம்

பாத்திக் கைலி நம்மில் உடுத்தாதவர் குறைவு. ஆனால் கடையில் பாத்திக் என்று விற்பதில் பெரும்பகுதி மிஷினில் அச்சடித்த போலி. உண்மையான பாத்திக் என்பது வேறு. அதன் முறையைச் சற்று விவரமாகச் சொல்வது அவசியம்.

முதலில் பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசி உலர்த்த வேண்டும். அதன் மேல் உருவத்தைக் கோடாக வரைந்து கொள்வார்கள். அடுப்பில் மெழுகை உருக்குவார்கள். பாரபின் மெழுகு எளிதில் வெடிக்கும். தேன் மெழுகு துணியோடு ஒட்டி வளையும். இரண்டையும் வேண்டிய அளவில் கலப்பார்கள். எந்த இடம் வெள்ளையாகவே இருக்க வேண்டுமோ, அந்த இடத்தில் சூடான மெழுகைத் தூரிகையால் பூச வேண்டும். பிறகு துணியை மஞ்சள் சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. உலர்ந்ததும், மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தில் மறுபடி மெழுகு. பிறகு சிவப்பில் முக்கு. மறுபடி மெழுகு. கடைசியில் கறுப்போ அடர்ந்த நீலமோ. இளம் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிக்க வேண்டும். தலைகீழாகச் செய்ய முடியாது. சாயம் குளிர்ந்த சாயமாக இருக்க வேண்டும். சூடாக இருந்தால் மெழுகு உருகி வேலையே பாழ்.

துணியைக் கசக்கும்போது மெழுகில் நரம்பு போல மெல்லிய வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பின் வழியே சாயம் இறங்கும். எல்லாம் முடிந்து கொதிநீரில் போட்டு மெழுகைக் களைந்தால், படம் முழுவதும் சிலந்தி வலை போன்ற ரேகைகள் ஓடியிருக்கும். இதைக் கையால் வரைய யாராலும் முடியாது. அந்த ரேகைதான் பாத்திக்கின் கையெழுத்து.

ஓவியருக்கு இதில் ஒரு நல்ல பாடமும் இருந்தது. எண்ணெய் வண்ணத்தில் தப்பு நேர்ந்தால் மேலே பூசி மறைக்கலாம். பாத்திக்கில் அது நடக்காது. அடுத்த நிறத்துக்கு முன்னால் எங்கே மெழுகு, எங்கே சாயம் என்று முடிவு செய்தாக வேண்டும். கோடு உறுதியாக இருக்க வேண்டும். சென்னை ஓவியர்களின் படங்களில் கோட்டுக்கு இருக்கும் செல்வாக்கைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கோயில் சிற்பம், சுவரோவியம் என்று பல காரணங்கள் சொல்வார்கள். மெழுகுத் தூரிகைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும் என்பது நம் எண்ணம்.

பாத்திக் ஜாவாத் தீவுக்காரர்களின் கலை என்று பெயர். ஆனாலும் மெழுகு போட்டுச் சாயம் தடுக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. கும்பகோணம் பக்கத்துக் கொடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக நெய்த சேலைகளில் அந்த வித்தை உண்டு. சோழமண்டலக் கரையில் சாயமிட்ட துணிகளை டச்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக ஜாவாவுக்கு ஏற்றிப் போய், அங்கிருந்து வாசனைப் பொருள்கள் வாங்கி வந்தார்கள். 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்டதும் அதே டச்சுக் கம்பெனிதான். மட்டாஞ்சேரியில் போர்த்துக்கீசியர் கட்டிய அரண்மனை டச்சு அரண்மனை என்று பெயர் மாறியதும் அவர்கள் காலத்தில்தான். அந்த வியாபாரத்தில் துணியும் மிளகும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டன.

ஓவியர் கைத்தொழில் செய்யலாமா?

எல்லாரும் இதை வரவேற்றுவிடவில்லை. ஓவியம் உயர்ந்தது, கைத்தொழில் தாழ்ந்தது என்ற எண்ணம் படித்தவர்களிடையே ஊறிப்போயிருந்தது. இங்கிலீஷ்காரன் வகுத்த பாடத்திட்டமும் அப்படி; நம்முடைய சாதிக் கணக்கும் அப்படி. ஆயிரம் ரூபாய்க்குப் படம் விற்க வேண்டிய ஓவியர் திரைச்சீலை விற்பதா? துணிக்காகக் கோலம் போட்டுப் பழகிய கை ஓவியத்திலும் கோலமே போடாதா? இந்தச் சந்தேகம் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. விற்பதையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கினால் எந்தக் கையும் கெட்டுப்போகும். பணிக்கரின் ஏற்பாட்டில் இந்த ஆபத்து கடைசி வரை இருந்துகொண்டுதான் இருந்தது. கைத்தொழிலுக்கு இத்தனை நேரம், ஓவியத்துக்கு இத்தனை நேரம் என்று பிரித்தது அதற்காகத்தான்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே தகராறு நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலைப்பள்ளியில் சேர்ந்த அன்னி ஆல்பர்ஸ், பெண் என்பதால் தறி வகுப்புக்கு அனுப்பப்பட்டார். அந்தத் தறியையே பிடித்துக்கொண்டு, 1949-ல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் தனிக் கண்காட்சி நடத்தும் அளவுக்கு உயர்ந்தார். 1962-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் நெய்த ஓவியங்களுக்கென்றே சர்வதேசக் கண்காட்சி தொடங்கியது. நம் நாட்டில் கே.ஜி. சுப்பிரமணியன் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்பு அதிகாரியாகப் பணிபுரிந்துவிட்டு மறுபடி பரோடாவில் ஓவியம் கற்பித்தார். அவர் நமக்கு நெருங்கிய உறவு. கேரளத்தில் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் 1924-ல் பிறந்தவர். அவரிடம் படித்த மிருணாளினி முகர்ஜி பிற்காலத்தில் சணல் கயிற்றை முடிச்சுப் போட்டே ஆள் உயரத் தெய்வ உருவங்கள் போன்ற சிற்பங்கள் செய்து உலகப் புகழ் பெற்றார். லோசானிலும் பரோடாவிலும் இது கலைத் தகராறு. சென்னையில் இது வயிற்றுப் பிரச்னை.

1963 வாக்கில் ஓவியர் கைவினைச் சங்கம் உருவாயிற்று. ஓவியர்களும் மாணவர்களும் பாத்திக் செய்தார்கள், உலோகத்தில் செய்தார்கள், காட்சி வைத்தார்கள். ஜனங்கள் வாங்கினார்கள்! ஓவியத்தை ஏறெடுத்துப் பார்க்காதவர்களும் சாயத் துணியைக் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். வருமானத்தில் ஒரு பகுதி செய்தவருக்கு. ஒரு பகுதி பொது நிதிக்கு. அந்தப் பொது நிதிதான் நிலமாக மாறியது.

ஈஞ்சம்பாக்கம்

1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணலில் நிலம் வாங்கினார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் அந்த நாளைக் கற்பனை செய்ய முடியாது. சவுக்குத் தோப்பு, மணல் மேடு, மீனவர் குப்பம். நல்ல சாலை இல்லை. மின்சாரம் இல்லை. ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு ஓவியர்கள் குடியேறினார்கள். சோழ மன்னர்களை நினைத்து ஊருக்குச் சோழமண்டல் கலைஞர் கிராமம் என்று பெயர் வைத்தார்கள்.

ஜே. சுல்தான் அலி, பி.வி. ஜானகிராம், வி. விஸ்வநாதன், எஸ்.ஜி. வாசுதேவ், அக்கித்தம் நாராயணன், கே.வி. ஹரிதாசன், எம். சேனாதிபதி, கே. ராமானுஜம் என்று பல பெயர்கள் அந்தக் கிராமத்தோடு சேர்ந்தவை. தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடக்காரர் எல்லாரும் இருந்தார்கள். பணிக்கரின் மகன் நந்தகோபாலும் அங்கேயே உலோகச் சிற்பியாக வளர்ந்து பெயர் பெற்றார், 2017-ல் மறைந்தார்.

சர்க்கார் கொடுத்த நிலமல்ல, செல்வர் தானம் செய்த நிலமல்ல. கலைஞர்கள் தாமே உழைத்து வாங்கிய கிராமம். இந்தியாவில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை. கடன் பட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். நாற்பது கலைஞர்கள் ஓரிடத்தில் இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? ஆனால் ஊர் கலையவில்லை. உலகத்தில் எத்தனையோ கலைஞர் குடியிருப்புகள் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டில் மூடப்பட்டன. இது நிலைத்தது.

1967-ல் பணிக்கர் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். மிச்ச வாழ்நாள் பெரும்பாலும் இந்தக் கிராமத்துக்காகவும் தம் ஓவியத்துக்காகவும் கழிந்தது.

கணக்கு நோட்டின் பக்கம்

ஐரோப்பாவிலிருந்து அவர் சுமந்து வந்த கேள்விக்கு விடை கிடைத்ததும் இதே காலத்தில்தான். கிடைத்த இடம் வேடிக்கையானது. மியூசியத்திலும் அல்ல, அஜந்தாக் குகையிலும் அல்ல. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டின் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், கூட்டல் கழித்தல் குறிகள், கோணங்கள், அடித்தல் திருத்தல்கள். கணக்காகப் பார்த்தால் அது வெறும் கணக்கு. பணிக்கர் அதைப் படமாகப் பார்த்தார்.

1963 முதல் சொற்களும் குறியீடுகளும் என்ற பெயரில் அவர் தொடர்ந்து வரைந்தார். முதலில் எண்ணும் கணக்குக் குறியும் ரோமன் எழுத்தும் இருந்தன. பிறகு ரோமன் எழுத்து விலகி மலையாள எழுத்து வந்தது. ஜாதகக் கட்டங்கள் வந்தன. மந்திரவாதி தகட்டில் கீறும் யந்திரக் கோடுகள் வந்தன. பாம்பு, பறவை, செடி என்று ஊரில் காணும் உருவங்கள் ஓரத்தில் உட்கார்ந்தன. பத்திரம் எழுதுபவர், ஜோசியர், பள்ளிப்பிள்ளை இவர்கள் கையில் தினமும் புழங்கும் காகிதம்தான் அவருக்குக் கச்சாப் பொருள். தந்தி இலாகாவில் புள்ளியும் கோடும் தட்டிய கை என்பதால் இப்படி வரைந்தார் என்று முடிச்சுப் போட நமக்கும் ஆசைதான். ஆனால் கணக்கு நோட்டே போதுமான காரணம்.

இந்தப் படங்களைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். படமா, பஞ்சாங்கமா என்று கேலி பேசினார்கள். பணிக்கர் பின்வாங்கவில்லை. மேனாட்டுக்காரர் யாரும் வரைய முடியாத படம் என்று பார்த்தவுடனே சொல்லும்படி இருந்தது அது. 1954-ல் தொடங்கிய தேடல் அங்கே வந்து நின்றது.

கேரளத்தில் பரவிய விதை

சென்னைக் கல்லூரியில் பணிக்கரிடம் பயின்றவர்கள் கேரளத்துக்குத் திரும்பி வந்து செய்தவை ஏராளம். மலம்புழா அணைத் தோட்டத்துக்குச் சுற்றுலா போய் யக்ஷி சிலை முன் நின்று போட்டோ எடுக்காத தமிழர் உண்டா? அதை 1969-ல் செய்து முடித்த கானாயி குஞ்ஞிராமன் சென்னை மாணவர். மலையாளப் பத்திரிகைகளில் கதைகளுக்குக் கோட்டோவியம் வரைந்து புகழ்பெற்ற நம்பூதிரி சென்னை மாணவர். எர்ணாகுளத்தில் கேரள கலாபீடம் உருவாகக் காரணமாக இருந்த எம்.வி. தேவன் சென்னை மாணவர். கொச்சியில் சித்ரகூடம் என்ற ஓவியக் கூடத்தை எழுபதுகளில் தொடங்கிய சி.என். கருணாகரனும் அப்படியே. பியன்னாலே வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கொச்சியில் புது ஓவியத்துக்கு இடம் பிடித்து வைத்தவர்கள் இவர்கள்.

1976-ல் மத்திய லலித கலா அகாடமி பணிக்கருக்குத் தன் உயர்ந்த கௌரவமான ஃபெல்லோ பட்டத்தை அளித்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் சென்னையில் அவர் காலமானார். வயது அறுபத்தைந்து.

ஈஞ்சம்பாக்கத்தில் ஓலைக் குடிசைகள் போய் ஓட்டு வீடும் மாடி வீடும் வந்துவிட்டன. 2009-ல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று ஓர் அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. பாத்திக்குக்கு அன்றிருந்த கிராக்கி இப்போது இல்லை. ஓவியத்துக்கு அன்றில்லாத கிராக்கி இப்போது இருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் சென்னையில் ஒரு நாள் தங்க நேர்ந்தால், அடையாறு தாண்டி மாமல்லபுரம் போகும் சாலையில் இறங்கிப் பார்த்து வரலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் திருவனந்தபுரம் இருக்கிறது. மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கர் காட்சிக்கூடம் 1979-ல் அமைக்கப்பட்டது. சொற்களும் குறியீடுகளும் வரிசைப் படங்களை அங்கே காணலாம். படம் முழுக்க மலையாள எழுத்து நெருக்கமாக ஓடும். பஸ்ஸின் போர்டைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நம்மவர்கள் அதைக் கண்டு கலங்க வேண்டாம். அந்த எழுத்துகளைச் சொல்லாகக் கூட்டிப் படிக்க மலையாளிகளாலும் முடியாது. படிப்பதற்காக அவர் அதை எழுதவில்லை.